கதிர்வீச்சுச் சிகிச்சை: ஏற்பதா, தவிர்ப்பதா?

கருப்பை வாய், கருப்பை ஆகிய உறுப்புகளில் புற்றுநோய் கண்ட பெண்களும் அவர்தம் குடும்பத்தாரும் எதிர்கொள்ளும் கடினமான கேள்விக்கு ஒரு விளக்கம்

ஒரு பெரிய மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் இரண்டு பெண்கள் அடுத்தடுத்து அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்வோம். ஒருவருக்கு வயது 44. அவருக்குக் கருப்பை வாயில் புற்றுநோய். கட்டி நான்கு சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது. மற்றவருக்கு வயது 62. கருப்பையின் உட்படலத்தில் தோன்றிய புற்றுநோய்க்காக மூன்று வாரங்களுக்கு முன்பு அவருடைய கருப்பை அறுவை மூலம் அகற்றப்பட்டது. இருவரிடமும் மருத்துவர் கதிர்வீச்சுச் சிகிச்சையைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

முதல் பெண் கேட்கிறார்: “கருப்பையை எடுத்துவிட்டால் போதாதா? கதிர்வீச்சு எதற்கு?” இரண்டாமவர் கேட்கிறார்: “கருப்பையைத்தான் எடுத்தாயிற்றே, இனியும் கதிர்வீச்சு எதற்கு?” கேள்விகள் இரண்டும் ஒன்றுபோல் தோன்றுகின்றன, ஆனால் அவற்றின் விடைகள் முற்றிலும் வேறானவை. முதல் பெண்ணுக்குக் கதிர்வீச்சுதான் நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை. இரண்டாமவருக்கு அது, நோய் திரும்பி வரும் வாய்ப்பைக் குறைக்கும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. சில வேளைகளில் அது தேவைப்படாமலும் போகலாம்.

இந்த வேறுபாட்டை அறியாமல் எடுக்கப்படும் முடிவுகள் இருவகையில் தீங்கு தருகின்றன. கட்டாயம் பெறவேண்டிய சிகிச்சையை அச்சத்தால் கைவிடுவோர் ஒருபுறம். தேவையற்ற சிகிச்சையைப் பெற்று அதன் விளைவுகளைச் சுமப்போர் மறுபுறம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-ஆம் ஆண்டுக்கு அளித்த மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஓராண்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்கள் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 80,000 பெண்கள் அந்நோயால் உயிரிழந்தனர். இந்தியப் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்து மிகுதியாகக் காணப்படுவது இதுவே. எனவே இக்கேள்வி எந்தக் குடும்பத்தின் வாசலுக்கும் வரக்கூடியது.

கதிர்வீச்சு என்ன செய்கிறது?

பேச்சு வழக்கில் இதனைக் ‘கரண்ட் வைப்பது’ என்கிறோம். இந்தி பேசும் பகுதிகளில் ஒத்தடத்தைக் குறிக்கும் ‘சிகாயி’ என்ற சொல்லால் அழைக்கிறார்கள். உண்மையில் இதில் நோயாளியின் உடலில் மின்சாரமும் பாய்வதில்லை, வெப்பமும் ஏற்றப்படுவதில்லை. ஆற்றல் மிக்க எக்ஸ் கதிர்களோ காமா கதிர்களோ உயிரணுக்களின் மரபுப் பொருளைச் சிதைக்கின்றன. அந்தச் சேதத்தைச் சரிசெய்துகொள்ளும் திறன் இயல்பான உயிரணுக்களுக்கு அதிகம். புற்றுநோய் உயிரணுக்களுக்குக் குறைவு. இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ளவே சிகிச்சை ஒரே நாளில் முடிக்கப்படாமல் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்துத் தரப்படுகிறது. நல்ல உயிரணுக்கள் ஒவ்வொரு நாளும் ஓரளவு மீண்டெழுகின்றன. நோய் உயிரணுக்கள் படிப்படியாக மடிகின்றன.

இச்சிகிச்சையில் இரு முறைகள் உள்ளன. முதலாவது, வெளியிலிருந்து இடுப்புப் பகுதிக்குச் செலுத்தப்படும் கதிர்வீச்சு. பொதுவாக வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஐந்து வாரங்கள், அதாவது 25 அமர்வுகள் நடைபெறும். தொடங்குமுன் ஸ்கேன் எடுத்து, கதிர் பாயவேண்டிய எல்லைகளைக் கணினியில் வரைந்து, தோலில் சிறு அடையாளப் புள்ளிகள் இடுவார்கள். ஒவ்வோர் அமர்விலும் சில நிமிடங்களே கதிர் பாயும், வலி இராது. தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொண்டு வரச் சொல்வது வழக்கம். நிறைந்த சிறுநீர்ப்பை குடலை மேலே தள்ளிக் கதிரின் பாதையிலிருந்து விலக்குகிறது; ஆகவே இந்த எளிய அறிவுரையை அலட்சியம் செய்யலாகாது.

இரண்டாவது, மருத்துவர்கள் ‘பிராக்கிதெரபி’ என்று அழைக்கும் உட்புறக் கதிர்வீச்சு. மெல்லிய குழாய்களைக் கருப்பைக்குள்ளோ யோனிப் பாதையிலோ பொருத்தி, அரிசி மணி அளவிலான இரிடியம் போன்ற கதிரியக்க மூலத்தை அவற்றின் வழியே சில நிமிடங்கள் அனுப்பித் திரும்பப் பெறுவார்கள். கட்டிக்கு மிக அருகிலிருந்து கதிர் கிடைப்பதால் நோய்க்கு அதிக அளவும் சுற்றியுள்ள உறுப்புகளுக்குக் குறைந்த அளவும் சென்று சேர்கின்றன.

இவ்விடத்தில் ஓர் ஐயத்தைப் போக்கிவிடலாம். வெளிப்புறக் கதிர்வீச்சு பெற்றவரின் உடலில் கதிரியக்கம் தங்குவதில்லை. இன்று பரவலாகச் செய்யப்படும் உட்புறச் சிகிச்சையிலும் மூலம் கருவிக்குள் திரும்பிவிடுகிறது. வீடு திரும்பிய பெண் பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். அனைவருடனும் அமர்ந்து உண்ணலாம். தனித்தட்டும் தனியறையும் தேவையில்லை.

கருப்பை வாய்ப் புற்றுநோய்: கதிர்வீச்சே முதன்மைச் சிகிச்சையாகும்போது

நோய் கருப்பை வாய்க்குள் சிறியதாக அடங்கியிருக்கும் தொடக்க நிலையில் அறுவை சிகிச்சை பொதுவாக விரும்பப்படுகிறது. கட்டி நான்கு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருந்தாலோ, அருகிலுள்ள திசுக்களுக்கோ நிணநீர் முடிச்சுகளுக்கோ பரவியிருந்தாலோ, கதிர்வீச்சும் அதனுடன் வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் மருந்தும் சேர்ந்த சிகிச்சையே உலகெங்கும் ஏற்கப்பட்ட முறை.

“கத்திக்குத்தான் வலிமை அதிகம், கதிர்வீச்சு என்பது கைவிட்ட நிலையில் தருவது” என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாகப் பதிந்துள்ளது. இது சரியன்று. இத்தாலியில் 343 பெண்களிடம் நடத்தப்பட்டு 1997-இல் வெளியான ஆய்வு, ஓரளவு தொடக்க நிலையிலுள்ள கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அறுவையையும் கதிர்வீச்சையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. ஐந்தாண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தோர் இரு பிரிவிலும் 83 சதவீதம். ஆனால் அறுவை செய்துகொண்டவர்களுள் 64 சதவீதத்தினருக்குப் பின்னர்க் கதிர்வீச்சும் தேவைப்பட்டது. கடுமையான பக்கவிளைவுகள் அறுவைப் பிரிவில் 28 சதவீதத்தினருக்கும் கதிர்வீச்சுப் பிரிவில் 12 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டன. இதிலிருந்து பெறும் பாடம் தெளிவானது: அறுவைக்குப் பின் கதிர்வீச்சும் தேவைப்படும் என்பது முன்கூட்டியே தெரியுமானால், இரண்டையும் சுமப்பதைவிட ஒன்றை முழுமையாகப் பெறுவதே நன்று.

நம் நாட்டுச் சான்றும் உண்டு. மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை, நோய் இடுப்பின் பக்கச் சுவர்வரை பரவிய மூன்றாம் நிலையிலிருந்த 850 பெண்களிடம் ஓர் ஆய்வை நடத்தி 2018-இல் முடிவுகளை வெளியிட்டது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுள் ஐந்தாண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தோர் 46 சதவீதம். கதிர்வீச்சுடன் வாராந்தர சிஸ்பிளாட்டினும் பெற்றவர்களுள் 54 சதவீதம். மூன்றாம் நிலை என்றதும் நம்பிக்கை இழக்கும் குடும்பங்கள் இவ்வெண்களை மனத்தில் கொள்ள வேண்டும். பரவிய நிலையிலும் முறையான சிகிச்சை பெற்றவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டுகளைக் கடந்திருக்கிறார்கள்.

ஆகவே நாம் முதலில் குறிப்பிட்ட 44 வயதுப் பெண்ணைப் பொறுத்தவரை, கதிர்வீச்சை மறுப்பது என்பது குணமடையும் வாய்ப்பையே மறுப்பதாகும். அவர் ஆராய வேண்டியது ஏற்பதா, தவிர்ப்பதா என்பதன்று. எங்கே, எப்படி, எவ்வளவு விரைவாக என்பதே. இரண்டு செய்திகள் இங்கே மிக முக்கியமானவை.

முதலாவது காலவரையறை. வெளிப்புறக் கதிர்வீச்சும் உட்புறக் கதிர்வீச்சும் சேர்ந்து எட்டு வாரங்களுக்குள் முடிந்துவிட வேண்டும். இடையில் திருவிழா, திருமணம், அறுவடை என்று நாள்கள் தவறினால் எஞ்சிய நோய் உயிரணுக்கள் மீண்டும் பெருகத் தொடங்குகின்றன. சிகிச்சையின் பயன் குறைகிறது.

இரண்டாவது, உட்புறக் கதிர்வீச்சைத் தவிர்க்கலாகாது. ஐந்து வார வெளிப்புறச் சிகிச்சை முடிந்ததும் உதிரப்போக்கு நின்று, வலி குறைந்து, உடல் தேறியதுபோல் தோன்றும். “இனி எதற்கு?” என்று ஊர் திரும்பிவிடுவோர் உண்டு. கட்டியை முற்றாக அழிக்கத் தேவையான கதிரளவை உட்புறச் சிகிச்சையே நிறைவு செய்கிறது. எல்லா மருத்துவமனைகளிலும் அந்த வசதி இல்லை. ஆகவே முதல் நாளிலேயே, “பிராக்கிதெரபி இங்கேயே செய்யப்படுமா? இல்லையெனில் எங்கே, எந்த நாளில்?” என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் ஆய்வறிக்கையைப் பார்த்தும் சில பெண்களுக்குக் கதிர்வீச்சு பரிந்துரைக்கப்படுகிறது. நிணநீர் முடிச்சில் நோய் இருத்தல், வெட்டி எடுத்த விளிம்பில் நோய் இருத்தல், அருகுத் திசுக்களில் பரவியிருத்தல் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் மருந்துடன் கூடிய கதிர்வீச்சு அவசியமாகிறது. கட்டியின் அளவு, அது ஊடுருவிய ஆழம், நுண்குழல்களில் நோய் காணப்படுதல் என்ற மூன்றும் இடைநிலை அபாயக் காரணிகள். அவை கூடி வரும்போது கதிர்வீச்சு பரிந்துரைக்கப்படுகிறது.

கருப்பை உட்படலப் புற்றுநோய்: உண்மையான தெரிவு இங்கேதான்

இனி 62 வயதுப் பெண்ணிடம் வருவோம். மாதவிடாய் நின்று ஆண்டுகள் கடந்தபின் உதிரப்போக்கு தோன்றியதால் இவருடைய நோய் பொதுவாகத் தொடக்கத்திலேயே வெளிப்பட்டுவிடுகிறது. கருப்பையை அகற்றுவதே முதன்மைச் சிகிச்சை. அதற்குப் பின் கதிர்வீச்சு வேண்டுமா என்பது நோயியல் அறிக்கையைப் பொறுத்தது.

நெதர்லாந்து நாட்டில் 715 பெண்களிடம் நடத்தப்பட்டு 2000-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ இதழில் வெளியான ‘போர்டெக்’ ஆய்வு இத்துறையின் திருப்புமுனை. அறுவைக்குப் பின் ஒரு பிரிவினர் இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சு பெற்றனர்; மற்றப் பிரிவினர் பெறவில்லை. ஐந்தாண்டுகளில் இடுப்புப் பகுதியில் நோய் திரும்பியவர்கள், கதிர்வீச்சு பெற்றவர்களுள் 4 சதவீதம். பெறாதவர்களுள் 14 சதவீதம். ஆனால் உயிருடன் இருந்தோர் முறையே 81, 85 சதவீதம். புள்ளியியல் நோக்கில் இவ்விரு எண்களிடையே பொருள்படத்தக்க வேறுபாடு இல்லை. அதாவது கதிர்வீச்சு நோய் திரும்புவதைக் குறைத்தது, ஆயுளைக் கூட்டவில்லை.

இந்த எண்களை நூறு பெண்களாக மாற்றிப் பார்ப்போம். நூறு பேரும் கதிர்வீச்சு பெறாவிட்டால் 14 பேருக்கு நோய் திரும்பும். 86 பேருக்குத் திரும்பாது. நூறு பேரும் பெற்றால் 4 பேருக்குத் திரும்பும். ஆக, நூறு பேர் சிகிச்சை பெறுவதால் நன்மை அடைவோர் பத்துப் பேர். நால்வருக்குச் சிகிச்சை பெற்றும் நோய் திரும்புகிறது. எஞ்சிய 86 பேர் சிகிச்சை இல்லாமலேயே அந்த வகையில் நலமாக இருந்திருப்பார்கள். ஆயினும் அதன் பக்கவிளைவுகளை ஏற்கிறார்கள். அந்தப் பத்துப் பேர் யார் என்பதை முன்கூட்டியே பெயர் குறித்துச் சொல்ல இயலாது என்பதே இத்தெரிவின் கடினம்.

கதிர்வீச்சு பெறாமலிருந்து யோனிப் பாதையில் நோய் திரும்பிய பெண்களுக்கு அப்போது கதிர்வீச்சு அளிக்கப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழ 65 சதவீதத்தினர் அதன்பின் ஐந்தாண்டுகளைக் கடந்தனர். எனவே முதலில் சிகிச்சை பெறாமல் காத்திருப்பது அனைத்தையும் இழப்பதாகாது. பின்னர் மீட்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த வாய்ப்பு முழுமையானதன்று என்பதையும், தவறாத கண்காணிப்பு அதற்குத் தேவை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். காப்பீட்டுத் தவணையைப் போன்றதே இது: பின்னால் வரக்கூடிய இழப்பைத் தடுக்க இன்றே உறுதியாக ஒரு விலையைத் தருகிறோம். இழப்பின் வாய்ப்பு மிகச் சிறியதெனில் அந்த விலை மிகை. வாய்ப்பு பெரியதெனில் அது நியாயம்.

அவ்வாய்வில் திரும்பிய நோயின் பெரும்பகுதி யோனியின் மேல்முனையிலேயே காணப்பட்டது. அப்படியானால் இடுப்பு முழுவதற்கும் கதிர் பாய்ச்சுவானேன்? 427 பெண்களிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான இரண்டாம் போர்டெக் ஆய்வு இக்கேள்விக்கு விடை கண்டது. உட்புறக் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுள் யோனியில் நோய் திரும்பியோர் 1.8 சதவீதம், வெளிப்புறக் கதிர்வீச்சு பெற்றவர்களுள் 1.6 சதவீதம். பயன் ஒன்றே, ஆனால் சிகிச்சை முடிந்த வேளையில் வயிற்றுப்போக்கு முதலிய குடல் தொல்லைகள் முறையே 12.6 சதவீதமும் 53.8 சதவீதமுமாக இருந்தன. ஐந்து வாரங்கள் நாள்தோறும் வரவேண்டிய சிகிச்சையின் இடத்தை, கதிரளவு விரைவாகச் செல்லும் கருவி எனில், சில அமர்வுகளே கொண்ட எளிய சிகிச்சை பிடித்தது.

இவற்றின் அடிப்படையில் இன்றைய நடைமுறையைச் சுருக்கமாக இவ்வாறு கூறலாம். புற்று கருப்பைச் சுவரின் பாதி ஆழத்துக்குள் அடங்கி, தீவிரம் குறைந்த வகையாகவும் இருந்து, நுண்குழல்களில் பரவாமலும் இருந்தால் கதிர்வீச்சு தேவையில்லை. பாதி ஆழத்தைக் கடந்திருந்தாலோ, வயதும் பிற காரணிகளும் கூடியிருந்தாலோ, உட்புறக் கதிர்வீச்சு பரிந்துரைக்கப்படுகிறது. நிணநீர் முடிச்சுகளில் நோய், தீவிர வகைக் கட்டி, கருப்பையைத் தாண்டிய பரவல் ஆகியவை இருந்தால் வெளிப்புறக் கதிர்வீச்சும் மருந்துச் சிகிச்சையும் வேண்டியிருக்கும். அண்மை ஆண்டுகளில் கட்டியின் மரபணு வகையைக் கண்டறியும் சோதனைகளும் இம்முடிவுக்குத் துணைபுரிகின்றன. சில மரபணு வகைகள் மிக நல்ல எதிர்பார்ப்பைத் தருகின்றன. சில வகைகள் கூடுதல் சிகிச்சையை வேண்டுகின்றன.

பிற நிலைகள்

சூலகப் புற்றுநோயில் அறுவையும் மருந்துச் சிகிச்சையுமே முதன்மையானவை. கதிர்வீச்சுக்கு இடம் குறைவு. பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில் தோன்றும் புற்றுநோய்க்கு அறுவைக்குப் பின்னும், அறுவை இயலாதபோதும் கதிர்வீச்சு உதவுகிறது.

குணமாக்க இயலாத அளவுக்கு நோய் பரவிய நிலையிலும் கதிர்வீச்சுக்குப் பணி உண்டு. ஓயாத உதிரப்போக்கையும் எலும்பு வலியையும் ஒரு சில அமர்வுகளால் தணிக்கலாம். அப்போது நோக்கம் ஆயுளன்று, ஆறுதல். நோக்கம் எது என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்டறிந்தால்தான் எவ்வளவு துன்பத்தை ஏற்பது தகும் என்று முடிவு செய்ய இயலும்.

ஏற்க வேண்டிய விலை

சிகிச்சைக் காலத்தில் சோர்வு, வயிற்றுப்போக்கு, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், தோல் புண்படுதல் ஆகியவை தோன்றலாம். இவற்றுள் பெரும்பாலானவை சிகிச்சை முடிந்த சில வாரங்களில் அடங்கிவிடும்; மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் துணை செய்யும். தலைமுடி உதிர்வது குறித்துப் பலர் அஞ்சுகிறார்கள். இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சு தலைமுடியைப் பாதிப்பதில்லை.

மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து வருபவையே ஆழ்ந்து எண்ணவேண்டியவை. மலக்குடலிலிருந்தோ சிறுநீர்ப்பையிலிருந்தோ உதிரம் கசிதல், அடிக்கடி மலம் கழிக்க வேண்டியிருத்தல், கால் வீக்கம், இடுப்பெலும்பு வலுவிழத்தல் ஆகியவை சிலருக்கு ஏற்படுகின்றன. மிகச் சிறிய அளவில், பின்னாளில் வேறொரு புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் உண்டு. போர்டெக் ஆய்வில் பங்கேற்ற பெண்களைப் 15 ஆண்டுகள் கழித்து வினவியபோதும், வெளிப்புறக் கதிர்வீச்சு பெற்றவர்களிடம் சிறுநீர், குடல் தொல்லைகள் கூடுதலாகவே இருந்தன.

நவீனக் கருவிகள் இச்சுமையைக் குறைத்துள்ளன. டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வாளர்கள் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட 300 பெண்களிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான முறையில் கதிர்வீச்சு பெற்றவர்களுள் 42 சதவீதத்தினருக்கு மூன்றாண்டுகளுக்குள் குறிப்பிடத்தக்க குடல் பாதிப்பு ஏற்பட்டது. கதிரின் செறிவைக் கட்டிக்கேற்ப வடிவமைத்து, படங்களின் வழிகாட்டுதலுடன் செலுத்தும் முறையில் அது 21 சதவீதமாகக் குறைந்தது. தொழில்நுட்பம் எது என்று கேட்பது வீண் ஆடம்பரமன்று; நலவாழ்வின் தரத்தைத் தீர்மானிக்கும் கேள்வி.

பேசத் தயங்கும் விளைவு ஒன்றும் உண்டு. யோனிப் பாதை சுருங்கி உலர்ந்துபோகலாம். இல்லறத் தொடர்பு வலி தருவதாகலாம். மருத்துவச் சோதனையும் கடினமாகலாம். சிகிச்சைக்குப் பின் விரிப்பான் கருவியை முறையாகப் பயன்படுத்துவதும் ஈரப்பதம் தரும் களிம்புகளும் இதனைப் பெருமளவு தடுக்கின்றன. மருத்துவர் தாமாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேட்கலாம். இதில் நாணத்துக்கு இடமில்லை.

மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சு சூலகங்களின் செயற்பாட்டை நிறுத்திவிடுகிறது. அதன்பின் கருவுற்றுக் குழந்தை பெறும் வாய்ப்பு இல்லாமற் போகிறது. தகுந்த சிலருக்குச் சிகிச்சைக்கு முன்பே சூலகங்களைக் கதிரின் பாதையிலிருந்து மேலே நகர்த்திப் பொருத்தவோ, கருமுட்டைகளைச் சேமிக்கவோ வழியுண்டு. இப்பேச்சு சிகிச்சை தொடங்குமுன் நடைபெற வேண்டும், தொடங்கியபின் பயனில்லை.

மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்விகள்

கீழ்க்கண்டவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். விடைகளை உடன் வரும் ஒருவர் குறித்துக்கொள்வது நல்லது.

1. என் நோய் எந்த நிலையில் உள்ளது? நோயியல் அறிக்கையில் எந்தக் காரணியை வைத்துக் கதிர்வீச்சைப் பரிந்துரைக்கிறீர்கள்?

2. இதன் நோக்கம் குணப்படுத்துவதா, திரும்பாமல் தடுப்பதா, தொல்லையைத் தணிப்பதா?

3. பெறாவிட்டால் என்னைப்போன்ற நூறு பேரில் எத்தனை பேருக்கு நோய் திரும்பும்? பெற்றால் எத்தனை பேருக்கு?

4. உட்புறக் கதிர்வீச்சு மட்டும் எனக்குப் போதுமா?

5. மொத்தம் எத்தனை அமர்வுகள்? எந்த நாளில் முடியும்? கருவி பழுதானால் மாற்று ஏற்பாடு என்ன?

6. எனக்குள்ள நீரிழிவு, சிறுநீரகக் குறைபாடு, முந்தைய வயிற்று அறுவை ஆகியவற்றால் பக்கவிளைவு கூடுமா?

7. அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகிய மூன்று துறை மருத்துவர்களும் சேர்ந்து என் நோயைப் பற்றிக் கலந்து பேசினார்களா?

வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெறுவது முதல் மருத்துவரை அவமதிப்பதாகாது. ஸ்கேன் படங்கள், நோயியல் அறிக்கை, திசுக் கண்ணாடித் துண்டுகள் ஆகியவற்றைக் கேட்டுப் பெற்றுச் செல்லலாம். டாட்டா நினைவு மருத்துவமனையின் ஒருங்கிணைப்பில் 2012-இல் உருவான தேசியப் புற்றுநோய் வலையமைப்பு, நாடு முழுவதும் ஒரே தரத்தில் சிகிச்சை கிடைக்கும் பொருட்டு வழிகாட்டு நெறிகளை வகுத்துள்ளது. ஆனால் இரண்டாம் கருத்துக்கெனச் செலவிடும் காலம் ஒன்றிரண்டு வாரங்களுக்குள் அடங்கட்டும்.

நாளும் பணமும்

சிகிச்சையை இடையில் நிறுத்துவோரில் பலரை நிறுத்தச் செய்வது நோயன்று. பயணமும் கூலி இழப்புமே. 25 நாள்கள் இருவர் சென்று வரும் செலவு, தங்குமிடம், உடன் வருபவரின் வருமான இழப்பு ஆகியவற்றை முதலிலேயே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு அருகிலுள்ள, முழு வசதியும் கொண்ட மையம் தொலைதூரப் பெருநகரை விடப் பல வேளைகளில் சிறந்த தெரிவாகும்.

2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்குப் பாதுகாப்பு உண்டு; 70 வயது நிறைந்த முதியோருக்கு வருமான வரம்பின்றி இது விரிவாக்கப்பட்டுள்ளது. மாநில அரசுகளின் காப்பீட்டுத் திட்டங்களும் உள்ளன. மருத்துவமனை அத்திட்டத்தில் இணைந்துள்ளதா, உட்புறக் கதிர்வீச்சுக்கும் முன்அனுமதி கிடைக்குமா என்பதைச் சிகிச்சை தொடங்குமுன் கேளுங்கள். தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்போர், மருத்துவமனையில் இரவு தங்காமல் பெறும் கதிர்வீச்சு தம் பாலிசியில் பகல்நேரச் சிகிச்சையாக இடம்பெற்றுள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிகளுக்கு இந்திய ரயில்வே கட்டணச் சலுகை அளிக்கிறது. அதற்குரிய படிவத்தில் மருத்துவமனையின் சான்று பெறவேண்டும்.

கையிலுள்ள நிரந்தர வைப்பை அவசரத்தில் முறிக்குமுன், அதன்மீது கடன் பெறும் வழியை வங்கிக் கிளையில் கேட்டறியுங்கள். முதிர்வுக்கு முன் முறிப்பதால் ஏற்படும் வட்டி இழப்பைப் பல வேளைகளில் அது தவிர்க்கும். சிகிச்சை பெறுபவரின் பெயரில் மட்டுமே கணக்கு இருந்தால், நம்பகமான ஒருவரைக் கூட்டாக இணைப்பதும் நியமனதாரரைப் பதிவு செய்வதும் அவர் நலமாக இருக்கும்போதே செய்யவேண்டிய எளிய காரியங்கள்.

ஏற்காவிடின்

முழுமையாக அறிந்தபின் கதிர்வீச்சு வேண்டா என்று முடிவு செய்யும் உரிமை ஒவ்வொரு பெண்ணுக்கும் உண்டு. அம்முடிவு சிகிச்சையிலிருந்து விலகிச் செல்வதாக அமையலாகாது. கண்காணிப்பைத் தெரிந்தெடுப்பதாக அமைய வேண்டும். நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில்தான். அக்காலத்தில் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்குச் செல்லவேண்டும். உதிரக்கசிவு, இடுப்பு வலி, கால் வீக்கம், விடாத இருமல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அடுத்த தவணைவரை காத்திருக்கலாகாது. பரிசோதனைக்குத் தவறாமல் வர இயலாத சூழலில் வாழ்பவர் எனில், அந்த உண்மையும் முடிவின் எடையில் சேர வேண்டும். அவருக்குச் சில அமர்வு உட்புறச் சிகிச்சையே பொருத்தமானதாக அமையலாம்.

முடிவு யாருடையது?

நம் குடும்பங்களில் அறிக்கையைக் கணவரோ மகனோ வாங்கி வைத்துக்கொண்டு, “அம்மாவுக்குத் தெரியவேண்டாம்” என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது வழக்கமாக உள்ளது. அன்பினால் செய்வதுதான். ஆயினும் 25 நாள்கள் அந்தக் கருவியின்கீழ்ப் படுக்கப்போகிறவர் அவர். அதன் விளைவுகளோடு வாழப்போகிறவரும் அவர். எதற்காக என்று அறியாதவர் ஐந்தாம் நாள் வயிற்றுப்போக்கிலேயே மனம் தளர்ந்து நின்றுவிடக்கூடும். அறிந்து ஏற்றவர் எட்டு வாரங்களையும் கடப்பார். அவரிடம் சொல்லுங்கள், அவருடைய கேள்விகளையும் கேளுங்கள்.

முதலில் கண்ட இரு பெண்களிடம் திரும்புவோம். 44 வயதுப் பெண், கருப்பையை எடுப்பதைவிடக் கதிர்வீச்சே தம்மைக் காக்கும் என்பதை அறிந்து, எட்டு வாரங்களுக்கான ஏற்பாடுகளைச் செய்யத் தொடங்கலாம். 62 வயதுப் பெண் தம் நோயியல் அறிக்கையைக் கையில் எடுத்து, “கருப்பைச் சுவரில் எவ்வளவு ஆழம்?” என்று கேட்கலாம். பாதிக்கு உட்பட்டது என்பது விடையானால் அவர் நிம்மதியாக வீடு திரும்பி, பரிசோதனை நாள்களை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளலாம். பாதியைக் கடந்தது எனில் சில நாள் உட்புறச் சிகிச்சையை ஏற்கலாம். இருவரும் ஒரே கேள்வியுடன் வந்தார்கள். தத்தமக்குரிய விடையுடன் செல்கிறார்கள். சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்டதே அவர்களுக்குக் கிடைத்த முதல் சிகிச்சை.